பட்டினி நாளில் படிக்கும் கதை

நம் பத்திரிகைகளில் 'யோம் கிப்பூர்' என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் ஒரு யுத்தத்தின் பெயராகத்தான் வரும். 1973 அக்டோபர் 6. எகிப்து தெற்கிலிருந்தும் சிரியா வடக்கிலிருந்தும் இஸ்ரேல் மேல் பாய்ந்தன. அன்று அந்த நாட்டில் ரேடியோ மௌனம். பஸ் கிடையாது. ஏராளமான ஜனங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெப ஆலயங்களில் நின்றுகொண்டிருந்தார்கள். சைரன் ஊதி, ஊமையாகக் கிடந்த ரேடியோ உயிர்பெற்று, படைப்பிரிவுகளைச் சங்கேத வார்த்தைகளால் கூப்பிட ஆரம்பித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, பெட்ரோல் விலை உலகம் பூராவும் எகிறியது. நம் ஊர் ஸ்கூட்டர்காரரையும் தொட்ட யுத்தம்.

யுத்தத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது அந்த நாள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நாளில் அவர்கள் வாசிக்கிற பக்கங்கள். "பிரார்த்தனைப் புத்தகத்தைப் போய் யாராவது விமரிசனம் பண்ணுவாங்களா?" என்று கேட்காதீர்கள். பல நூற்றாண்டுகளாகச் சேர்த்தும் வெட்டியும் தொகுத்தும் வந்திருக்கிற நூல் அது. ஒரு நல்ல எடிட்டரின் கை அதில் தெரிகிறது. பெயர் தெரியாத அந்த எடிட்டர் எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார், ஏன் வைத்தார் என்பதுதான் இந்த வாரம்.

இதில் எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யூத காலண்டரில் திஷ்ரி மாதம் பத்தாம் தேதி. நம் கணக்கில் செப்டம்பர் பின்பாதியிலோ அக்டோபர் முன்பாதியிலோ வரும். திஷ்ரி முதல் தேதி அவர்களுக்குப் புத்தாண்டு. அன்று மேலே கணக்குப் புத்தகம் திறக்கிறது, பத்தாம் நாள் அதில் முத்திரை விழுகிறது என்பது நம்பிக்கை. நடுவில் இருக்கிற நாட்கள் கணக்கைச் சரிபண்ணிக்கொள்ளக் கொடுத்த அவகாசம். ஆடிட்டர் நண்பர்களுக்கு, மார்ச் 31 மாதிரி என்றால் புரிந்துவிடும்.

விரதம் கடுமையானது. முதல் நாள் சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் ஆரம்பித்து மறுநாள் நட்சத்திரம் தெரிகிற வரை சுமார் 25 மணி நேரம். பால் பழம் சாப்பிடலாம், ராத்திரி மட்டும் டிபன் என்கிற நம் வீட்டுச் சலுகைகள் கிடையாது. பச்சைத் தண்ணீர்கூட இல்லை. குளிக்கக் கூடாது, தைலம் பூசக் கூடாது, தாம்பத்யம் கூடாது, தோல் செருப்பு கூடாது. அதனால் பளிச்சென்று கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள் அதற்குக் கீழே கான்வாஸ் ஷூவோடு நிற்பதை அன்று பார்க்கலாம். பலர் கித்தேல் என்ற வெள்ளை அங்கியை அணிவார்கள். ஐரோப்பிய யூதர்களில் பலருக்கு, இறந்தபின் உடுத்தி அனுப்புவதும் அதே அங்கிதான். ஒரு நாள் முழுக்கச் செத்துப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"இவ்வளவும் பண்ணினா பாவம் போயிடுமா சார்?"

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாளின் பக்கங்களே திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்கின்றன. பதிலும் வைத்திருக்கின்றன. இதனால் மட்டும் போகாது என்பதுதான் பதில்.

முதலில் சட்டப் புத்தகம். கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவில் இந்த நாளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பெயர் 'யோமா'. 'அந்த நாள்' என்று அர்த்தம். எட்டு அத்தியாயம். முதல் ஏழும் ஜெருசலேம் கோயிலில் தலைமைக் குரு செய்த சடங்குகள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போட்டு, ஒன்றைக் கடவுளுக்குப் பலி கொடுத்து, இன்னொன்றின் தலையில் ஜனங்களின் பாவத்தை ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். அடுத்தவன் பழியைச் சுமக்கிறவனுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறதே, அது இந்த இரண்டாவது ஆட்டிலிருந்து வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், ரோமர்கள் அந்தக் கோயிலை இடித்தது கி.பி. 70-ல். இல்லாத கோயிலின் சடங்கை, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அணு அணுவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எட்டாவது அத்தியாயத்தில்தான் கோயிலைவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அங்கே பட்டினி பற்றிப் பேச்சு. முக்கால்வாசி, யார் யாரெல்லாம் பட்டினி கிடக்கக் கூடாது என்பதுதான். கர்ப்பிணி ஒருத்திக்கு ஏதோ வாசனை பட்டு ஆசை வந்துவிட்டதா, கொடு. நோயாளியா, வைத்தியர்கள் சொன்னால் கொடு. வைத்தியர் இல்லையா, அவனே கேட்டால் கொடு, போதும் என்று அவன் சொல்கிற வரை கொடு. குழந்தைகளைப் பட்டினி போடாதே.

அத்தியாயத்தின் முடிவில் இரண்டு விஷயம் வருகிறது. பாவம் பண்ணுவேன், இந்த நாள் வந்து அதைக் கழுவிவிடும் என்று கணக்குப் போடுகிறவனுக்கு இந்த நாள் ஒன்றும் செய்யாது. அப்புறம், மனிதன் கடவுளுக்குச் செய்த தப்புகளைத்தான் இந்த நாள் தீர்க்கும். மனிதன் சக மனிதனுக்குச் செய்த தப்பு, அந்த ஆள் சமாதானமாகிற வரை அப்படியே நிற்கும்.

யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரன் மனசை நோகடித்துவிட்டு, நாள் முழுக்கக் கடவுளிடம் அழுதால், அவர் "என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்? அவன்கிட்டப் போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் விரதத்துக்கு முந்தின நாட்களில் யூதர்கள் சொந்தக்காரர், சிநேகிதர், கூட வேலை பார்ப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

ஆக, வாசலிலேயே ஒரு எச்சரிக்கைப் பலகை. இனி உள்ளே போகலாம்.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிக்கிறது கோல் நித்ரே. உலகப் புகழ்பெற்ற ராகம். மாக்ஸ் புரூக் என்ற ஜெர்மானியர் 1880-ல் இதை வைத்து செல்லோவுக்கு ஒரு உருப்படி எழுதினார். அவர் யூதரே இல்லை, புராட்டஸ்டண்ட். 1927-ல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படம் சினிமாவைப் பேச வைத்த படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் கதாநாயகனுக்கு வருகிற சிக்கலே இதுதான். அன்று ராத்திரி நாடக மேடையில் அவனுடைய பெரிய அரங்கேற்றம். அதே ராத்திரி, சாகக் கிடக்கிற அப்பாவுக்குப் பதிலாக ஜெப ஆலயத்தில் கோல் நித்ரே பாட வேண்டும். வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்து பாடுகிறான். அப்பா ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

இத்தனை பேரை உருக வைத்த அந்த வாசகம் என்ன தெரியுமா? ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுகிற பத்திர வாசகம் மாதிரி இருக்கும். பெரும்பகுதி அரமேயிக் மொழி. நாங்கள் செய்துகொண்ட நேர்த்திகள், சபதங்கள், சத்தியங்கள் இன்னின்ன எல்லாம் ரத்து என்று ஒரு பட்டியல். கவிதை என்று எடுத்துக்கொண்டால் பாஸ் மார்க் தேறாது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாபிலோன் பக்கத்துக் குருமார்கள் இதை வேண்டாம் என்றிருக்கிறார்கள். பிற்காலத்தில் யூத விரோதிகள், "பார்த்தீர்களா, இவர்கள் சத்தியத்தை நம்பாதீர்கள்" என்று இதையே ஆயுதமாக்கினார்கள். அது அநியாயம். இது ஒருவன் கடவுளுக்குத் தானாகக் கொடுத்துக்கொண்ட வாக்குகளைப் பற்றியது. அடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கை இதனால் அழிக்க முடியாது என்று ரபிகள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். இங்கேயும் அதே கோடுதான். கடவுள் பாக்கி வேறு, மனிதன் பாக்கி வேறு.

என்னைக் கேட்டால் கோல் நித்ரேயைவிட அதற்கு முன்னால் வருகிற ஒரு சின்ன அறிவிப்பு உசத்தி. தப்புச் செய்தவர்களோடும் சேர்ந்து நின்று ஜெபிக்க இங்கே அனுமதி உண்டு என்று சபை அறிவிக்கிறது. ஒதுக்கிவைத்த ஆளையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் பாவ அறிக்கை. மார்பில் மெல்லத் தட்டிக்கொண்டே சொல்வார்கள். எபிரேய எழுத்து 22. எழுத்துக்கு இரண்டாக 44 வரி, ஒவ்வொன்றிலும் ஒரு பாவம். நம் ஔவையார் ஆத்திசூடியில் நல்ல குணங்களை அகர வரிசையில் அடுக்கினாரே, இவர்கள் தப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். எழுதியவருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கொலையும் கொள்ளையும் தேடினால் கிடைக்காது. வாய் செய்கிற பாவங்கள்தான் அதிகம். வம்பு, கேலி, பொய், புறம்பேச்சு, யோசிக்காமல் கொட்டிவிடுகிற வார்த்தை. எல்லாமே 'நாங்கள்' என்று பன்மையில். நான் பண்ணாததைப் பக்கத்தில் நிற்பவர் பண்ணியிருக்கலாம். அவருக்காக நான் தட்டிக்கொள்கிறேன், எனக்காக அவர்.

மறுநாள் காலை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது ஏசாயா தீர்க்கதரிசியிலிருந்து ஒரு பகுதி வாசிக்கிறார்கள். 58-ஆம் அதிகாரம் அதில் வருகிறது. நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதி. 'நாங்கள் உபவாசம் இருந்தோமே, நீர் ஏன் கவனிக்கவில்லை?' என்று ஜனங்கள் கேட்கும் தோரணையில் ஆரம்பித்து, கடவுள் சாட்டையை எடுக்கிறார். உபவாச நாளிலேயே வியாபாரம், வேலைக்காரனை வதைப்பது, சண்டை, குத்து. நாணல் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் விரதமா? பசித்தவனுக்குச் சோறு போடு, வீடில்லாதவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, கட்டுண்டு கிடக்கிறவனை அவிழ்த்து விடு, அதுதான் எனக்கு வேண்டிய உபவாசம் என்கிற சாரம்.

வைகுண்ட ஏகாதசியன்று கோயிலில் ஒலிபெருக்கி வைத்து, "பட்டினி கிடந்தா மட்டும் ஆச்சா?" என்று ஒருவர் பேசினால் எப்படி இருக்கும்? கமிட்டி மைக்கைப் பிடுங்கிவிடும். இவர்கள் வருஷா வருஷம் அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்கி, ராகத்தோடு வாசித்து, எல்லோரும் கேட்கிறார்கள். சடங்கைத் திட்டுகிறவனுக்குச் சடங்கின் நடுவிலேயே நாற்காலி போட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாத எடிட்டர் என்றேனே, அவர் கை இங்கேதான் முதலில் தெரிகிறது.

மதியத்தை ஒட்டி உனத்தனே தோக்கெஃப் என்ற கவிதை. மைன்ஸ் நகரத்து ரபி அம்னோன் என்பவர் மதம் மாற மறுத்ததால் கைகால் வெட்டப்பட்டு, உயிர் போகும் நேரத்தில் சொன்னது என்று ஒரு கதை உண்டு. ஆனால் கெய்ரோவில் ஒரு பழைய ஜெப ஆலயத்து அறையில் கிடைத்த கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கதைக்கு நெடுங்காலம் முந்தியது இந்தக் கவிதை என்கிறார்கள். இடையன் ஆடுகளைக் கோலுக்குக் கீழே ஒவ்வொன்றாக விட்டு எண்ணுகிற மாதிரிக் கடவுள் உயிர்களை எண்ணுகிறார். இந்த வருஷம் யார் இருப்பார், யார் போவார், போகிறவர் நெருப்பிலா, நீரிலா, பசியிலா, கொள்ளைநோயிலா என்று பட்டியல் நீள்கிறது. கனடாவின் லியனார்ட் கோஹன் 1974-ல் இதை வைத்து ஒரு பாட்டு எழுதினார். பழைய பட்டியலோடு நம் காலத்துச் சாவுகளையும் சேர்த்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், போனை எடுத்த குமாஸ்தா கேட்கிற தொனியில், கூப்பிடுவது யார் என்று கேட்பார். மூலத்தில் இல்லாத கேள்வி. நல்ல கேள்வி.

மூலத்தில், பட்டியல் முடிந்து வயிறு கலங்கி நிற்கும்போது ஒரு வழி சொல்கிறார்கள். மனம் திரும்புதல், பிரார்த்தனை, தர்மம் இந்த மூன்றும் தீர்ப்பின் கடுமையைக் குறைக்கும். விரதம் எங்கே? அச்சடித்த புத்தகங்களில் பாருங்கள். இந்த மூன்று சொல்லுக்கும் தலைக்கு மேல் பொடி எழுத்தில் மூன்று சொல் இருக்கும். உபவாசம், குரல், பணம். எபிரேயத்தில் எழுத்துக்கெல்லாம் எண் மதிப்பு உண்டு. கூட்டினால் மூன்றுக்கும் 136 வரும். மூன்றும் சமம் என்று காட்ட யாரோ செய்த அழகான கணக்கு. எனக்குப் பிடித்தது கணக்கு இல்லை, அச்சு. மனம் திரும்புதல் பெரிய எழுத்தில், உபவாசம் அதற்கு மேல் பொடி எழுத்தில். எது விஷயம், எது அதற்கு அடிக்குறிப்பு என்று கண்ணுக்கே தெரிகிறது.

சாயங்காலம் நாலு நாலரை. தலைவலி உச்சத்தில் இருக்கும். காபி இல்லாத தலைவலி நமக்குத் தெரியாதா? சிலர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருப்பார்கள். இந்த நேரத்தில், முழுசாக, ஒரு கதை படிக்கிறார்கள். யோனாவின் கதை.

மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். முஸ்லிம் நண்பர்களுக்கு அவர் யூனுஸ் நபி. மொத்தமே நாலு அதிகாரம், 48 வசனம். வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கம்தான் வரும். சிறுகதை எழுத ஆசைப்படுகிறவர்கள் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

நினிவே பொல்லாத ஊர், போய் எச்சரிக்கை பண்ணு என்கிறார் கடவுள். யோனா எழுந்து நேர் எதிர்த்திசையில் கப்பலேறுகிறார். புயல். மாலுமிகள் வேற்று ஜாதிக்காரர்கள், ஆளாளுக்கு ஒரு தெய்வம். ஆனாலும் எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்கள். தீர்க்கதரிசி மட்டும் கீழ்த்தட்டில் குறட்டை. சீட்டுப் போட்டு அவரால்தான் புயல் என்று தெரிந்த பிறகும், அவரே 'என்னைத் தூக்கிப் போடுங்கள்' என்ற பிறகும், மாலுமிகள் மனசு வராமல் துடுப்புப் போட்டுப் பார்க்கிறார்கள். முடியாமல்தான் போடுகிறார்கள். மீன் விழுங்குகிறது, மூன்றாம் நாள் கரையில் கக்குகிறது.

வேறு வழியில்லாமல் நினிவேக்குப் போகிறார். நாற்பது நாளில் ஊர் கவிழும் என்று பிரசங்கம். எபிரேயத்தில் ஐந்தே வார்த்தை. இதைவிடச் சுருக்கமாக யாரும் பிரசங்கம் பண்ணியிருக்க முடியாது, இதைவிட வெற்றியும் யாருக்கும் கிடைத்திருக்காது. ஊரே இரட்டு உடுத்திக்கொள்கிறது. ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறார். மனிதர் மட்டுமில்லை, ஆடு மாடும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அதுகளுக்கும் இரட்டுப் போர்த்துங்கள் என்று உத்தரவு. விரதம் இருக்கிற மாட்டை நினைத்துப் பாருங்கள். பசியோடு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் யாராவது ஒருவராவது இந்த இடத்தில் சிரிக்காமலா இருப்பார்?

கடவுள் ஊரை மன்னித்துவிடுகிறார். வழக்கமான கதையாக இருந்தால் இங்கே சுபம். இந்தக் கதாசிரியர் இங்கேதான் ஆரம்பிக்கிறார். யோனாவுக்குக் கோபம். நீர் இரக்கக்காரர் என்று தெரியும், கடைசியில் மன்னித்துவிடுவீர் என்று தெரியும், அதனால்தான் முதலிலேயே ஓடினேன் என்று சண்டை. ஊருக்கு வெளியே ஒரு குடிசை போட்டுக்கொண்டு, அழியுமா என்று வேடிக்கை பார்க்க உட்காருகிறார். அவர் தலைக்கு மேல் நிழலுக்கு ஒரு செடி முளைக்கிறது. பழைய இங்கிலீஷ் பைபிளில் அது சுரைக்கொடி. தமிழ் பைபிளில் ஆமணக்கு. எபிரேயச் சொல்லுக்கு ஆமணக்குதான் பொருத்தம் என்று சொல்கிற அறிஞர்கள் பலர். ஆமணக்கு வளர்கிற வேகத்தைக் கொல்லைப்புறத்தில் பார்த்த நமக்கும் அதுதான் சரி என்று படும்.

மறுநாள் ஒரு பூச்சி அரித்துச் செடி காய்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. யோனா, செத்தால் தேவலை என்கிறார். நீ நடாத, தண்ணீர் ஊற்றாத, ஒரு ராத்திரியில் வந்து ஒரு ராத்திரியில் போன செடிக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாயே, வலது கை இடது கை தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேரும் ஏராளமான மிருகங்களும் இருக்கிற ஊருக்கு நான் வருத்தப்படக் கூடாதா என்ற அர்த்தத்தில் கடவுள் கேட்கிறார். அவ்வளவுதான். கதை கேள்வியிலேயே நிற்கிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை.

இப்போது கதையை விட்டு, கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பாருங்கள். நினிவே யாருடைய ஊர்? அசீரியர்களின் தலைநகராக இருந்த ஊர். இந்த அசீரியர்கள்தான் கி.மு. 722 வாக்கில் வடக்கு இஸ்ரேல் ராஜ்யத்தை அழித்து ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். ஆக, நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, 'பரவாயில்லை, நாம் கொஞ்சம் நல்லவர்கள்தான்' என்று லேசாகப் பெருமை எட்டிப் பார்க்கிற நேரத்தில், இவர்கள் கேட்கிற கதை: உன் பரம எதிரியும் இதே மாதிரி விரதம் இருந்தான், அவன் கன்றுக்குட்டியும் இருந்தது, அவனுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. அதோடு, கதையில் விரதமும் இருக்காமல், மனமும் திரும்பாமல், யாரிடமும் மன்னிப்பும் கேட்காமல் இருப்பவர் ஒரே ஒருவர்தான். பக்திமானான நம் ஆள்.

இன்னொன்று. மிஷ்னாவிலேயே வேறொரு பகுதியில், பஞ்ச காலத்து உபவாசத்தில் ஊர்ப் பெரியவர் என்ன பேச வேண்டும் என்று இருக்கிறது. நினிவேக்காரர்களின் இரட்டையும் பட்டினியையும் கடவுள் பார்த்தார் என்றா எழுதியிருக்கிறது? அவர்கள் செய்கையைத்தான் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது, கவனியுங்கள் என்று அவர் சொல்ல வேண்டும். என்ன ஒரு கூர்மையான வாசிப்பு! இதைவிட நல்ல இலக்கிய விமரிசனம் நான் படித்ததில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. ஜெப ஆலயத்தில் இந்தக் கதையை அந்தக் கேள்வியோடு நிறுத்துவதில்லை. மீகா தீர்க்கதரிசியிலிருந்து ஆறுதலாக மூன்று வசனம் ஒட்டிப் படிக்கிறார்கள். நிறுத்தியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் அந்த வசனங்களில், பாவங்களைக் கடவுள் சமுத்திரத்தின் ஆழத்தில் போடுவார் என்று வருகிறது. யோனாவைத் தூக்கிப் போட்ட அதே கடல். எடிட்டருக்குத் தெரியாமலா இருக்கும்? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிற்கால எழுத்தாளர்களும் இந்த எடிட்டரின் வழியிலேதான் போயிருக்கிறார்கள். இத்திஷ் மொழியில் எழுதிய பெரெட்ஸின் ஒரு கதை பிரசித்தம். தலைப்பை 'அதற்கும் மேலே' என்று சொல்லலாம். பாவமன்னிப்பு ஜெபக் காலத்தில் விடிகாலையில் ரபி காணாமல் போகிறார். சொர்க்கத்துக்குப் போய் வருகிறார் என்று ஊர் நம்புகிறது. நம்பாத ஒருவன் அவர் கட்டிலுக்கடியில் ஒளிந்து, பின்தொடர்கிறான். ரபி குடியானவன் வேஷம் போட்டுக் காட்டில் விறகு வெட்டி, நோயில் கிடக்கும் ஒரு விதவையின் குடிசைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்கிறார். பற்றவைத்துக்கொண்டே அன்றைய ஜெபத்தை முணுமுணுக்கிறார். அப்புறம் யாராவது ரபி சொர்க்கத்துக்குப் போகிறார் என்றால், அவன் சிரிக்க மாட்டான். தலைப்பைப் பதிலாகச் சொல்வான்.

1848-ல் வில்னா நகரத்தில் காலரா. விரத நாள் நெருங்குகிறது. பட்டினி கிடந்தால் சாவு நிச்சயம். ரபி இஸ்ரேல் சலாந்தர் விரதத்தை விடச் சொன்னார். ஜெப ஆலயத்திலேயே எல்லோர் முன்னாலும் தானே சாப்பிட்டுக் காட்டினார் என்றும் ஒரு பேச்சு உண்டு, விவரத்தில் சொல்பவர்கள் வேறுபடுகிறார்கள். எபிரேய எழுத்தாளர் ஃப்ரிஷ்மன் அதைச் 'சாப்பிட்ட மூவர்' என்று ஒரு கதையாக்கினார். அன்று அந்தக் கவளத்தை விழுங்குவதுதான் பெரிய விரதம்.

ராத்திரி நெருங்குகிறது. கடைசித் தொழுகைக்கு நெயிலா என்று பெயர். கதவு மூடுதல். மூடுவதற்குள் ஒரு கடைசி வேண்டுதல். கொம்பு வாத்தியத்தில் நீளமாக ஒரு ஊதல். முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான். ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை. அதற்கான பந்தலுக்கு அன்று ராத்திரியே முதல் ஆணி அடிப்பது ஒரு வழக்கம். மன்னிப்புக் கிடைத்த கையோடு சுத்தியலை எடுக்கிறார்கள்.

இப்போது என் சொந்தக் காரணம்.

பல வருஷங்களுக்கு முன் என் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் சொந்தக் காசில் ஒரு சிறுகதைத் தொகுப்புப் போட்டான். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது பிறகு தெரிந்தது. ஒரு சிற்றிதழில் நான் விமரிசனம் எழுதினேன். கதைகள் சுமார்தான், அப்படி எழுதியதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. கடைசி வரிதான் தப்பு. இந்தப் புத்தகத்தில் குறை சொல்ல முடியாதது அட்டைப்படம் ஒன்றே என்று எழுதிவிட்டேன். நாலு பேர் தோளைத் தட்டினார்கள்.

ஒரு வாரத்தில் அவனிடமிருந்து போஸ்ட் கார்டு. 'விமரிசனம் பார்த்தேன். அட்டை வரைந்தது என் தங்கை. நீ பாராட்டியதைச் சொன்னேன், ரொம்பச் சந்தோஷப்பட்டாள்.' அவ்வளவுதான். கோபமே இல்லை. அப்புறம் அவன் கதை எழுதவில்லை. கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். "என்னடா, எப்படி இருக்கே?" என்று பேசிக்கொண்டோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். பந்திக்கு யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஒருநாள் அவன் போய்விட்டான்.

நான் ஏகாதசி இருக்கிறவன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை முழுப் பட்டினியும் கிடப்பேன். இதை எழுத உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது. பட்டினி சுலபம். "தப்புப் பண்ணிட்டேன்டா" என்று இரண்டு வார்த்தை சொல்வதுதான் ஆகவில்லை.

செத்தவரிடம் எப்படிக் கேட்பது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடஸ் எழுதிய சட்டநூலில் அதற்கும் வழி இருக்கிறது. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போ. அவர்கள் முன்னால், கடவுளுக்கும் இவருக்கும் இன்ன தப்புச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல். கடன் பாக்கி இருந்தால் வாரிசிடம் கொடு.

அவனுக்குக் கல்லறை கிடையாது, ஆற்றில் கரைத்தாயிற்று. பத்துப் பேருக்கு எங்கே போவேன்? இந்தப் பக்கத்தைப் பத்துப் பேராவது படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்தக் கடைசி வரி தப்பு. சிரிப்பு வாங்குவதற்காக எழுதினேன்.

அட்டை வரைந்த தங்கை இருக்கிற ஊர் தெரியும். பஸ்ஸில் நாலு மணி நேரம். அந்தப் பாராட்டு எப்படிப்பட்ட பாராட்டு என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் நான்தான் சொல்ல வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

சாப்பிட்டுவிட்டேதான் போகப் போகிறேன்.